கழித்தல் தெரியாதவர்கள்

கேள்வி: எங்கள் காலத்தில் ஒரே வாத்தியார் ஐந்து வகுப்பையும் சேர்த்து மேய்த்தார். வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வோம். இன்று ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரனுக்குக் கழித்தல் வரவில்லை. சம்பளம் மட்டும் கொட்டிக் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பகல் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? நீச்சல், சாலை விதி, பெரியவர்களைக் கண்டால் மரியாதை, இதையாவது சொல்லிக்கொடுக்கக் கூடாதா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேரன்மகாதேவி)

பதில்: அண்ணாச்சி, முதல் பாதியில் பாடம் நடத்தவில்லை என்று கோபப்பட்டுவிட்டு, இரண்டாம் பாதியில் நீங்களே மூன்று பாடம் புதிதாகக் கொடுத்திருக்கிறீர்கள். எழுபது வருடமாக எல்லோரும் செய்துவருவது இதைத்தான்.

என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். பார்த்ததைச் சொல்கிறேன். போன வருடம் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளிக்குப் போயிருந்தேன். ஒரு டீச்சர் பயிற்சிக்குப் போய்விட்டதால் பெரிய டீச்சர் மட்டும் இருந்தார். கரும்பலகையில் 52 − 17 என்று எழுதிச் சமக்குறி போட்டார். போன் அடித்தது. வருகைப் பதிவு ஏறவில்லையாம். அந்தப் பள்ளியில் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில்தான் சிக்னல் கிடைக்கும். வெயிலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தால் முட்டைக் கணக்கோடு சத்துணவு அமைப்பாளர் நிற்கிறார். அவரை அனுப்பியதும் ஆதாரில் பிள்ளையின் பெயர் தப்பாக இருக்கிறது என்று ஒரு அம்மா. அப்புறம் வாக்காளர் பட்டியல் படிவத்தோடு ஒருவர். நான் கிளம்பும்போது மணி பதினொன்றரை. சமக்குறிக்கு வலப்பக்கம் அப்படியே காலி. ஒரு பையன் மட்டும் எழுந்து வந்து நோட்டை என்னிடம் நீட்டினான். 45 என்று போட்டிருந்தான். ஐந்தில் ஒன்று போனால் நாலு, ஏழில் இரண்டு போனால் ஐந்து. பெரியதிலிருந்து சின்னதை எடுத்துவிட்டான். பக்கத்தில் உட்காரவைத்துக் கடன் வாங்கக் காட்டினால் பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷம் தண்ணீர்த் தொட்டியடியில் போயிருந்தது.

இனி உங்கள் காலத்துக்கு வருவோம். உங்கள் ஊர் ரயில்வே கேட்டில் காமராஜரின் கார் நின்றபோது, மாடு மேய்த்த பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அவர் கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. நடந்ததோ, சொல்லிச் சொல்லி வளர்ந்ததோ, 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது உண்மை. எட்டயபுரம் அப்போது நம் திருநெல்வேலி ஜில்லா. அந்த மாட்டுக்காரப் பையன் உங்கள் வகுப்பில் இல்லை. தலைகீழாக வாய்ப்பாடு சொன்னவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏதோ சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். சோறு போட்ட பிறகு வந்த கூட்டத்துக்குப் பாடம் சொல்வது வேறு வேலை, கடினமான வேலை.

ஆகவே சோற்றை நான் குறை சொல்லமாட்டேன். 1920-களில் உங்கள் ஊர்க் குருகுலத்தில் சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்டது தமிழ்நாட்டையே இரண்டாக்கியது. அதே மண்ணில் பிள்ளைகள் ஒரே வரிசையில் தட்டை வைத்து உட்கார்ந்தது சின்னக் காரியமா?

ஒன்றைக் கவனியுங்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக்கியபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆளையும் சேர்த்துப் போட்டார்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவைச் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். சோறு நிலைத்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றவற்றுக்கு வந்தது உத்தரவு மட்டும். குடற்புழு மாத்திரை, சைக்கிள், மடிக்கணினி, வங்கிக் கணக்கு, உதவித்தொகைப் படிவம் என்று ஒவ்வொன்றும் நல்லதுதான். ஒன்றைச் சேர்க்கும்போது இன்னொன்றை எடுப்போம் என்று யாரும் நினைக்கவில்லை. உங்கள் பேரனுக்கு மட்டுமா அண்ணாச்சி, சுற்றறிக்கை எழுதுகிறவர்களுக்கும் கழித்தல் வரவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டுக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றைத் தவிர ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. வாக்காளர் பட்டியல் வேலையை விடுமுறையிலும் பாடமில்லாத நேரத்திலும் வைத்துக்கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. நான் பார்த்த படிவக்காரர் வந்தது புதன்கிழமை காலை.

வேலையைச் சாக்காக வைத்து வகுப்புக்கே போகாத சார்வாள்களும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

நம் சீமையில் இன்னொரு பாரமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், அதே பள்ளியில் கூடப் படித்த மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. பள்ளியில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கலர்க் கயிறு பள்ளியில் கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை. சரியான பரிந்துரை. ஆனால் கயிற்றைக் கட்டி அனுப்புவது யார்? கோயில் கொடைக்கு அடிக்கும் போஸ்டரில் வீச்சரிவாள் படம் போடுவது யார்? கரண்டு கம்பத்துக்குச் சாதிக் கலர் பூசுவது வாத்தியாரா? ஊர் கட்டுகிறது, அவிழ்க்கிற வேலை மட்டும் காலை பிரேயரில் நிற்கிற டீச்சருக்கு. பெரியவர்களைக் கண்டால் மரியாதை வேண்டும் என்கிறீர்கள். அந்தப் போஸ்டரில் கைகூப்பி நிற்பவர்கள் எல்லோரும் பெரியவர்கள்தான்.

நீச்சல் நல்ல யோசனை. ஆனால் ஆறு உங்கள் ஊரை ஒட்டித்தானே போகிறது? ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரனைக் கூட்டிக்கொண்டு நீங்களே இறங்குங்கள். முதல் நாளைக்கு இடுப்பளவுத் தண்ணீர் போதும். தலை துவட்டும்போது 52-இல் 17 போனால் எத்தனை என்று கேளுங்கள். 45 என்றால் அங்கேயே மணலில் எழுதிக் காட்டுங்கள்.