அருவி இல்லாத ஊரில் அருவிப் படம்

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். பழைய கேமரா ஒன்றை வாங்கி, நானாகவே படம் எடுக்கக் கற்று வருகிறேன். போன மாதம் கல்வராயன் மலைக்குப் போய் மேகம் அருவியை எடுத்தேன். தண்ணீர் பால்போல வழிய வேண்டும் என்று ஷட்டரை 1 விநாடி திறந்து வைத்தேன். எல்லாமே வெளுத்துப்போனது. இங்கே அருவியும் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. முறையாகப் படிக்காமல் இது எனக்கு வருமா? (படங்களை இணைத்திருக்கிறேன்.)

பதில்: வரும். நானும் யாரிடமும் படித்தவன் இல்லை.

முதலில் உங்கள் படம். நண்பரின் நிழல் காலடியிலேயே விழுந்திருக்கிறது, உச்சி வெயில். அந்த வெயிலில் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 100, எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) 22 வைத்தாலே 1/50 விநாடி போதும். நீங்கள் திறந்ததோ 1 விநாடி. ஐம்பது மடங்கு வெளிச்சம் உள்ளே போனால் வெளுக்காமல் என்ன செய்யும்? தவறு உங்கள் கையில் இல்லை, நேரத்தில்தான். மேகம் மூடிய நாளில், மர நிழலில் எஃப் 11-க்கு 1/15 விநாடி கிடைக்கிறது என்று வையுங்கள். வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி 8 ஃபில்டரை லென்ஸ் முன் போட்டால் அதுவே அரை விநாடி ஆகிவிடும். அருவிக்கு அது தாராளம். இரண்டு விநாடிக்கு மேல் போனால் தண்ணீர் பஞ்சு மாதிரி ஆகி, விழுகிற வேகமே தெரியாமல் போகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. இழை இழையாகத் தெரிந்தால்தான் அது அருவி.

இதைப் பழக மலைக்குப் போக வேண்டாம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு விடியலில் போங்கள். சூரியன் எழுவதற்குக் கால் மணி நேரம் முன்பு ஃபில்டர் இல்லாமலே அரை விநாடி கிடைக்கும். அலை வரும்போது எடுக்காதீர்கள். அது திரும்பி வடியும்போது எடுங்கள், மணலில் வெள்ளைக் கோடுகளாக இறங்கும். ட்ரைபாட் (கேமரா வைக்கும் முக்காலி) கால்களை மணலில் நன்றாக அழுத்தி ஊன்றுங்கள். அலை மணலை அரித்துக்கொண்டு போகும்போது கால் மெல்ல இறங்கி, படம் கலங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல விடியல்கள் ஆயின.

அப்புறம் ஒரு நாள் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். அங்கே கொட்டியிருக்கும் கருங்கற்களில் அலை ஏறி வழிவது சின்ன அருவிதான். ஈரக் கல்லின் பளபளப்பைப் போலரைசர் என்கிற ஃபில்டர் எப்படித் தணிக்கிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் கேமராவை லேசாக நனைத்த துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் உப்பு அதைச் சும்மா விடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அதையும் தூரத்தில் நின்று எடுங்கள்.

சொல்லித்தர ஆள் இல்லை என்கிறீர்கள். கெட்டுப்போன படங்களை அழிக்காதீர்கள். ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர், எஃப் எண் இரண்டையும் நோட்டில் குறித்து வைப்பேன். உங்கள் டிஜிட்டல் கேமரா அதைத் தானாகவே படத்தோடு எழுதி வைக்கிறது. ஒரே இடத்தில் எடுத்த இருபது படங்களைத் திறந்து, எந்த எண்ணில் தண்ணீர் எப்படி மாறியது என்று பாருங்கள். எனக்கு ஆசிரியர் அந்த நோட்டுதான்.

மழை ஓய்ந்ததும் மேகம் அருவிக்கு மறுபடி போவீர்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ மேலே வெள்ளம் வருகிறது என்று அர்த்தம். ட்ரைபாடை மடக்க நிற்காதீர்கள், அப்படியே விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.