கண்ணை மூடினால் அப்பா சாய்கிறார்

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. மன்னார்குடி பக்கம் விவசாயம். பகலில் வரப்பில் நன்றாக நடக்கிறார், இருட்டினால் தடுமாறுகிறார். குளிக்கும்போது முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சாய்கிறார். போன வாரம் விழுந்தே விட்டார். பாதம் மதமதவென்று இருக்கிறதாம். 12 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சுத்த சைவம். மூளையில் கட்டியாக இருக்கும், தலைக்கு ஸ்கேன் எடு என்கிறார்கள் உறவுக்காரர்கள். எடுக்கலாமா?

பதில்: சோப்பு விஷயத்தை விடாமல் எழுதினீர்களே, பாதி நோயை அதுவே சொல்லிவிட்டது. ஸ்கேனுக்கு அவசரப்பட வேண்டாம். உங்கள் அப்பாவின் தடுமாற்றம் தலையைவிடக் காலைத்தான் அதிகம் காட்டுகிறது.

தஞ்சாவூர் பொம்மையைச் சாய்த்தால் தானே நிமிர்ந்துகொள்ளும், அடியில் கனம் வைத்திருக்கிறார்கள். நமக்குக் கனமெல்லாம் மேலே. அதனால் சும்மா நிற்பதற்கே மூளை ஓயாமல் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் போகிறவர் நண்டு வளை மேல் கால் வைக்கிறார் என்று வையுங்கள். மண் உள்வாங்கிக் கணுக்கால் லேசாகத் திரும்புகிறது. அந்தச் சேதி கால் நரம்பில் ஏறி, தண்டுவடத்தின் பின்பக்கமாக மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்தான். எந்தத் தசையை எவ்வளவு இறுக்குவது, எதைத் தளர்த்துவது என்பதைப் பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை சரிபார்க்கிறது. எடையில் அது மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்கு, ஆனால் நரம்பு செல்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கின்றன. அவர் "ஐயோ" என்பதற்குள் உடம்பு நிமிர்ந்துவிடும், கட்டும் விழாது.

இதற்கெல்லாம் மூளைக்குச் சேதி வர வேண்டும். கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் என்று மூன்று இடத்திலிருந்து வருகிறது. ஒன்று கெட்டால் மற்ற இரண்டை வைத்துச் சமாளிக்கலாம். அப்பாவுக்குப் பாதத்துச் சேதி குறைந்துவிட்டது, கண்ணால் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார். இருட்டிலும் சோப்பு நுரையிலும் அந்தக் கண்ணும் போய்விடுகிறது. சிறுமூளையே கெட்டிருந்தால் பட்டப்பகலில், கண் திறந்திருக்கும்போதும் தள்ளாடுவார். டம்ளரை எடுக்கப் போகும் கை ஆடும், பேச்சு குழறும்.

செருப்பு கழன்று சேற்றில் நின்றுவிட்டது தெரியாமல், ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். வாசலில் பேத்தி சொல்லித்தான் குனிந்து பார்த்திருக்கிறார். அப்பாவுக்கும் இப்படி நடந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

காரணம் எது? நாள்பட்ட சர்க்கரை பாத நரம்பைக் கெடுக்கும். ஆனால் நான் அதிகம் சந்தேகப்படுவது பி12 வைட்டமின் குறைவை. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். சைவர்களுக்கு அது பால், தயிரிலிருந்துதான் வர வேண்டும், காபிக்கு ஊற்றுகிற பால் அதற்குப் போதாது. குறைவு நீடித்தால், மேலே சொன்னேனே, தண்டுவடத்தின் பின்பக்கப் பாதை, அதுவே பழுதாகும். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நல்ல மாத்திரை அது.

டாக்டர் அப்பாவைக் கால் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொல்வார். 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் இருந்த ரோம்பர்க் என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் சோதனை இது. வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம், விழுவார். அப்புறம் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். ரத்தத்தில் பி12, ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். ஸ்கேன் தேவைப்பட்டாலும் அது கழுத்துத் தண்டுவடத்துக்காக இருக்கலாம். பி12 குறைவுதான் என்றால் ஊசி இருக்கிறது. தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், தள்ளிப்போட்டால் கொஞ்சம் தங்கிவிடும். "ரத்தம் ஊற" என்று கடையில் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தசோகை சரியாகும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும்.

திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ கதை வேறு. அது பக்கவாதம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

அதுவரை அப்பா முக்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், நெருஞ்சி முள் ஏறியிருந்தாலும் அவருக்குத் தெரியாது. ராத்திரி மோட்டார் போட வீட்டில் வேறு யாராவது போங்கள். அவரேதான் போவேன் என்று அடம்பிடித்தால் கையில் டார்ச்சும் தடியும் இருக்கட்டும்.