போலீசுக்குப் பதில் சமூகப் பணியாளரா? கேள்வி பதில்

அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் லைசென்ஸ் பெற்ற சமூகப் பணியாளராக இருக்கிறேன். இனவெறி, போலீஸ், எங்கள் தொழில் பற்றிக் கேளுங்கள். விசா பற்றி எனக்குத் தெரியாது.

கார்த்திக், திருச்சி: அக்கா, 2020-ல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு போலீசுக்குப் பதில் சமூகப் பணியாளரை அனுப்பச் சொன்னார்களே, நடந்ததா?

சில ஊர்களில் நடந்தது. ஆரிகன் மாநிலத்தின் யூஜீனில் 1989-லேயே ‘கஹூட்ஸ்’ வந்துவிட்டது. ஒரு வேன், ஒரு மருத்துவ உதவியாளர், நெருக்கடி கையாளத் தெரிந்த ஒருவர். ஆயுதம் கிடையாது. குடிபோதை, தற்கொலை எண்ணம், தெருவில் படுத்திருப்பவர் என்றால் இவர்கள்தான் போவார்கள். டென்வர் நகரில் இதே மாதிரியான ‘ஸ்டார்’ 2020 ஜூனில் தொடங்கியது. அது ஓடிய பகுதிகளில் பதிவான சிறு குற்றங்கள் 34 சதவீதம் குறைந்ததாக 2022-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆனால் நாடு முழுக்க முன்மாதிரி என்று கொண்டாடிய கஹூட்ஸ், பணத் தட்டுப்பாட்டில் 2025 ஏப்ரலில் யூஜீனில் நின்றுபோனது. பாராட்டு வந்த அளவுக்குப் பட்ஜெட் வரவில்லை. இன்னொன்று, வேன் வந்து சமாதானப்படுத்திய பிறகு அந்த ஆள் எங்கே போவார்? படுக்கையும் இல்லை, வீடும் இல்லை என்றால் அடுத்த வாரம் அதே தெருமுனைதான்.

ஒரு எச்சரிக்கை: நாம் எழுதும் கேஸ் குறிப்பு யார் கைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். அது போலீஸ் கைக்குப் போகிறதென்றால் மாறியது சீருடை மட்டும்தான்.

திவ்யா, கோவை: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்திருக்கிறேன் மேடம். அமெரிக்கா வர முடியுமா?

முதல் பத்தியைப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ., மதுரை: போலீசோடு ஒத்துழைத்தால் என்னம்மா குற்றம்? கத்தியோடு நிற்பவன் முன்னால் உங்கள் நோட்டுப் புத்தகம் என்ன செய்யும்?

கத்தி இருந்தால் எங்களை அனுப்புவதே இல்லை ஐயா. கத்தியே இல்லாத இடத்துக்கும் துப்பாக்கி போகிறது என்பதுதான் பேச்சு.

ஒத்துழைப்புக்கு வருகிறேன். 2020 ஜூனில் எங்கள் தேசிய சங்கத்தின் அன்றைய தலைமை அதிகாரி ஆஞ்சலோ மெக்ளேன், போலீசோடு சேர்ந்து வேலை செய்வதை ஆதரித்து வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் எழுதினார். அவரும் கறுப்பினத்தவர்தான். உறுப்பினர்கள் பலர் கொதித்துப்போனார்கள். அடுத்த ஆண்டே சங்கம் தொழிலின் பழைய கணக்கைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நோயாளிகளுக்குச் சிகிச்சையே தராமல் வேடிக்கை பார்த்த டஸ்கீகி சிபிலிஸ் ஆய்வுக்குக் கறுப்பின ஆண்களைச் சேர்த்துக்கொடுத்தது, பூர்வகுடிக் குழந்தைகளைப் பிரித்து விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பியது, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த முகாம்களில் வேலை பார்த்தது, எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல மனதோடு அரசுக்குக் கைகொடுத்தவர்கள் செய்த வேலை இது.

அதே எஸ்.ஐ.: பழைய கதை. இன்று?

இன்று குழந்தைகள் நலத்துறை. அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளில் பாதிக்கு மேல், சுமார் 53 சதவீதம், 18 வயதுக்குள் ஒரு முறையாவது அந்தத் துறையின் விசாரணைக்கு உள்ளாகிறார்கள். எல்லாக் குழந்தைகளையும் சேர்த்தால் 37. கதவைத் தட்டுவது போலீஸ் இல்லை, எங்கள் ஆட்கள். சட்டப் பேராசிரியர் டாரத்தி ராபர்ட்ஸ் இதைக் ‘குடும்பப் போலீஸ்’ என்கிறார்.

பானு, டொராண்டோ: அப்படியானால் அடிவாங்கும் குழந்தையை விட்டுவிடுவதா?

விடச் சொல்லவில்லை. புகார்களில் பெரும்பகுதி அடி, உதை இல்லை, ‘கவனிப்பின்மை’. வீட்டில் சாப்பாடு இல்லை, ஹீட்டர் இல்லை, அம்மா இரவு வேலைக்குப் போகிறாள். அதற்கு மருந்து வாடகை உதவி, விசாரணை இல்லை.

எஸ்.ஐ.: ஒரு குழந்தை செத்தால் யார் பொறுப்பு?

அந்தப் பயத்தில்தான் எல்லாரும் சின்னச் சந்தேகத்துக்கும் புகார் கொடுக்கிறார்கள். புகார்கள் குவிய, உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் குழந்தை அந்தக் குவியலுக்கு அடியில் போய்விடுகிறது. உங்கள் ஸ்டேஷனிலும் பார்த்திருப்பீர்களே ஐயா.

எஸ்.ஐ.: அது வாஸ்தவம்.

சரி, அடுத்தது.

ராம், சென்னை: லைசென்ஸ் தேர்விலும் பாகுபாடு உண்டாமே?

தேர்வு நடத்தும் அமைப்பே 2022-ல் எண்களை வெளியிட்டது. கிளினிக்கல் (மனநலச் சிகிச்சை தருவதற்கான) தேர்வில் முதல் முறையே தேறியது வெள்ளையரில் ஏறக்குறைய 84 சதவீதம், கறுப்பினத்தவரில் 45. 2023-ல் தேசிய சங்கம் அந்தத் தேர்வுகளை எதிர்த்து நின்றது. இல்லினாய் மாநிலம் அதற்கு முன்பே, 2022 தொடக்கத்தில், அடிப்படை லைசென்சுக்குத் தேர்வை எடுத்துவிட்டது. தொழிலுக்குள் மாற்றம் என்றால் எனக்கு இதுதான், கருத்தரங்கு இல்லை.

ஷாலினி, ஈரோடு: மேடம், எம்.எஸ்.டபிள்யூ. விசா…

அம்மா தாயே.

பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி: தம்பிக்கு மனநோய். நெருக்கடி வந்தால் 911-ஐ (போலீஸ், ஆம்புலன்ஸ் அவசர எண்) கூப்பிடப் பயமாக இருக்கிறது.

உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் 988, மனநல நெருக்கடிக்கான உதவி எண். 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது, பெரும்பாலானவை போனிலேயே முடிகின்றன. மிகச் சில அழைப்புகளில் போலீஸ் வரக்கூடும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பகுதியில் நடமாடும் நெருக்கடிக் குழு உண்டா என்று இன்றே, எல்லாம் அமைதியாக இருக்கும்போதே, விசாரித்து வையுங்கள். 911 தான் வழி என்றால் முதல் வாக்கியத்திலேயே “மனநோய், கையில் ஆயுதம் இல்லை” என்று உண்மை நிலையைச் சொல்லி, அதற்கான பயிற்சி பெற்றவரை அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் எழுதிக்கொள்ளும் குறிப்பு யாருக்குப் போகும் என்பதையும் கேளுங்கள்.