நாஸ்கார் கார்ப் பந்தயம் கள்ளச்சாராயக் கடத்தலிலிருந்து பிறந்தது என்பது உண்மையா?

பாதி உண்மை. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் முடிந்த பிறகும், வரி கட்டாமல் காய்ச்சிய சாராயத்தைத் தென் மாநிலங்களின் மலைப்பகுதிகளிலிருந்து இரவோடு இரவாக நகரங்களுக்குக் கடத்துவது நிற்கவில்லை. அதிகாரிகளிடம் சிக்காமல் இருக்க, வெளித்தோற்றத்தில் சாதாரணமான ஃபோர்டு வி-8 கார்களின் என்ஜினையும் பின்புற ஸ்பிரிங்குகளையும் மாற்றியமைத்த ஓட்டுநர்கள் பலர், அதே திறமையுடன் மண் தடங்களில் பந்தயமும் ஓட்டினார்கள்.

ஆனால் இப்பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பை நிறுவிய பில் ஃபிரான்ஸ் கடத்தல்காரர் அல்லர். கடற்கரை மணலில் கார்ப் பந்தயங்கள் நடந்துவந்த டேடோனா பீச்சில், 1947 டிசம்பரில் அவர் கூட்டிய கூட்டத்தின் விளைவாகவே 1948-இல் அவ்வமைப்பு உருவானது. கடத்தலின் நிழல் உடனே விலகிவிடவில்லை: 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் நடந்த முதல் 'ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்' (மாற்றியமைக்கப்படாத சாதாரண விற்பனைக் கார்களுக்கான) பந்தயத்தில் முதலாவதாக வந்த கிளென் டனவேயின் கார், சாராயச் சுமைக்கு ஏற்ப ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்ததால் தகுதியிழக்க, லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பர் வெற்றி பெற்றார்.

இரு உலகங்களையும் முழுமையாக வாழ்ந்தவர் ஜூனியர் ஜான்சன்தான். 1956-இல் தந்தையின் சாராய அடுப்பருகே பிடிபட்டுச் சிறை சென்ற அவர், மொத்தம் 50 பந்தயங்களில் வென்றார்; 1986-இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 1963-இல் ஜாக்சன்வில்லில் வென்ற கறுப்பின ஓட்டுநர் வெண்டெல் ஸ்காட்டும் முன்பு சாராயம் கடத்தியவரே; எனினும் அன்று வெற்றியாளராக முதலில் அறிவிக்கப்பட்டவர் பக் பேக்கர்.