மார்பை எடுத்த பிறகு திரும்ப அமைப்பது: எது மாறியிருக்கிறது, எதை முன்னரே கேட்கவேண்டும்

பிள்ளை, அக்காவுக்கு 44 வயது, மார்புப் புற்றுநோய், ஒரு பக்க மார்பை முழுதாக எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், திரும்ப மார்பை அமைக்கிற சத்திரசிகிச்சை இப்போது எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது, எல்லாச் சிகிச்சையும் முடிந்து ஆறுதலாக அதைப்பற்றி யோசித்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். போதாது. செய்வதை வருடக்கணக்கில் தள்ளிப்போடலாம். அதைப்பற்றிக் கதைப்பதை மார்பை எடுக்க முன்னரே முடித்துவிட வேண்டும். இந்தத் துறையில் எத்தனையோ புதுமைகள் வந்துவிட்டன, அவற்றில் ஆகப் பெரியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று கீழே விளங்கும்.

நான் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை வாட்டுகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். டொக்டர் இல்லை. கட்டில் பக்கத்தில் நின்று பார்த்ததையும், அதற்காகத் தேடிப் படித்ததையும் சொல்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற நிபுணர் ஒரு முறையை நிலைநாட்டினார். மார்பு, அதன் தோல், அடியில் இருக்கும் நெஞ்சுத் தசைகள், கக்கத்து நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுப்பது. நோய் ஓரிடத்தில் தொடங்கிச் சுற்றிவரப் பரவுகிறது, அகலமாக வெட்டினால் பிழைக்கலாம் என்பது அவருடைய நம்பிக்கை. கட்டி பெரிதாகிப் புண்ணான பிறகே பெண்கள் வைத்தியரிடம் வந்த காலம் அது, அவரைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் அந்த முறை 1970கள் வரை ஆட்சி செய்தது. எடுத்த இடத்தில் எதையாவது அமைத்தால் அடியில் நோய் ஒளிந்துகொள்ளும் என்ற பயமும் கூடவே இருந்தது. அந்தக் காலத்திலும் முயன்றவர்கள் இருந்தார்கள். ஜெர்மனியில் வின்சென்ட்ஸ் செர்னி 1895இல் ஒரு பெண்ணின் உடம்பில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து மார்பு இருந்த இடத்தில் வைத்தார். இத்தாலியில் இஜினியோ டான்சினி 1906இல் முதுகுத் தசையை நெஞ்சுக்குத் திருப்பிக் கொண்டுவரும் வழியை எழுதி வைத்தார். அதைப் பிறகு பல பத்தாண்டுகள் யாரும் தேடவில்லை.

அந்தப் பழைய முறையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட வயதான அம்மாமார் சிலரை நான் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். தோலுக்கு அடியில் விலா எலும்பை எண்ணலாம். கை வீங்கிப் போயிருக்கும். நெஞ்சுத் தசையே இல்லாததால் கிணற்றில் வாளியை இழுக்க ஏலாது, உலக்கை பிடிக்க ஏலாது. பழைய சேலைத் துணிக்குள் பஞ்சை வைத்துத் தைத்து உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். அது வியர்வையில் நனையும், பாரம் இல்லாதபடியால் மேலே மேலே ஏறும். போர்க்காலத்தில் பாதை பூட்டிக் கிடந்தபோது கொழும்புக்குக் கிட்ட இருக்கிற மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்ச் சிகிச்சை எடுத்துத் திரும்புவதே பெரும்பாடு. உயிர் தப்பியதே போதும் என்று இருந்தவர்களிடம் மார்பைத் திரும்ப அமைக்கலாம் என்று யார் கதைத்தார்கள்?

பிறகு வெட்டுவது குறையத் தொடங்கியது. தசையை விட்டுவைத்து மார்பை எடுக்கும் முறை வழக்கமானது. அதற்கும் அப்பால் போய், கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சத்தையும் மட்டும் எடுத்துக் கதிர்ச்சிகிச்சை கொடுத்தால் போதும் என்று அமெரிக்காவில் பேர்னார்ட் ஃபிஷரும் மிலானில் உம்பர்டோ வெரோனேசியும் ஆய்வு செய்து காட்டினார்கள். 20 வருடம் தொடர்ந்து பார்த்த முடிவுகள் 2002இல் வந்தன. ஆரம்பக் கட்ட நோயில் முழு மார்பை எடுத்தவர்களும் பகுதியை எடுத்தவர்களும் உயிர் வாழ்ந்த அளவில் வித்தியாசம் இல்லை. அதனால் அக்காவின் விஷயத்தில் முதல் கேள்வி, முழுதாக எடுக்கத்தான் வேண்டுமா என்பதே. கட்டி பெரிதாக இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருந்தால் எடுக்கவேண்டி வரலாம். காரணத்தை வைத்தியர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், இன்றைக்கு இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று சிலிக்கன் இம்பிளாண்ட், அதாவது மார்பு இருந்த இடத்தில் உள்ளே வைக்கிற சிலிக்கன் பை. மற்றது சொந்த உடம்பிலிருந்தே சதையை எடுத்து அமைப்பது.

இம்பிளாண்டை 1962இல் ஹூஸ்டனில் தோமஸ் குரோனினும் ஃபிராங்க் ஜெரோவும் முதன்முதலில் ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். அது மார்பைப் பெரிதாக்கச் செய்தது, புற்றுநோய்க்காக அல்ல. 1970களின் தொடக்கத்தில் மார்பு எடுத்தவர்களுக்கும் வைக்கத் தொடங்கினார்கள். ஆனால் எடுத்த இடத்தில் தோல் இறுகி இருக்கும், பையை வைக்க இடம் வராது. அதற்கு 1980களில் செடோமிர் ராடோவன் வழி காட்டினார். வெறும் பையை உள்ளே வைத்து, வாராவாரம் ஊசியால் உப்புநீர் ஏற்றி, தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, பிறகு அதை எடுத்துவிட்டு நிலையான இம்பிளாண்டை வைப்பது. இன்றைக்கும் உலகில் நிறையப் பேருக்கு இப்படித்தான் செய்கிறார்கள். முன்பெல்லாம் நெஞ்சுத் தசைக்கு அடியில் வைப்பார்கள், கையை அசைக்கும்போது மார்பும் சேர்ந்து இழுபடும். இப்போது பதப்படுத்திய தோல் போன்ற ஒரு படலத்தால் சுற்றித் தசைக்கு மேலேயே வைப்பதும் பரவியிருக்கிறது.

இம்பிளாண்டின் கதையில் பயமும் நிறைய உண்டு. சிலிக்கன் கசிந்து வேறு நோய்களைத் தருகிறது என்ற முறைப்பாடுகளால் அமெரிக்கா 1992இல் சிலிக்கன் இம்பிளாண்டைக் கட்டுப்படுத்தியது. மார்பு எடுத்த பெண்களுக்கு ஆய்வுத் திட்டங்களின் கீழ் மட்டும் கிடைத்தது. 1999இல் வந்த பெரிய மருத்துவ அறிக்கை அந்த நோய்களுக்குச் சிலிக்கன்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது, 2006இல் தடை நீங்கியது. பிறகு பிரான்சில் பிஐபி என்ற நிறுவனம் மருத்துவத் தரமில்லாத சிலிக்கனைப் பயன்படுத்தியது 2010இல் அம்பலமானது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்பிளாண்டுகளைச் சுற்றி அபூர்வமான ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் வரலாம் என்றும் தெரியவந்தது. 2019இல் அலர்கன் நிறுவனம் அந்த வகையை உலகம் முழுவதிலும் திரும்பப் பெற்றது. ஆகவே இம்பிளாண்ட் என்றால் எந்தக் கொம்பனி, எந்த மேற்பரப்பு என்று கேளுங்கள். அதனுடன் வரும் அட்டையை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அது ஆயுள் முழுவதற்கும் இல்லை, ஒருநாள் மாற்றவேண்டி வரலாம் என்பதையும் அக்கா அறிந்திருக்க வேண்டும்.

சொந்தச் சதையால் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுதுகிறேன், இது நான் நேரே கவனித்தது. டான்சினியின் முதுகுத் தசையை 1970களின் கடைசியில் திரும்பக் கண்டெடுத்தார்கள். தசையையும் மேல்தோலையும் இரத்தக் குழாயோடு அறுக்காமல் கக்கத்தின் அடியால் முன்னுக்குக் கொண்டுவருவது. நல்ல நம்பிக்கையான முறை. அளவு போதாமல் பலருக்கு இம்பிளாண்டும் சேர்த்து வைக்கவேண்டி வரும். எங்கள் பெண்களிடம் நான் சொல்வது இன்னொன்று. அந்த முதுகுத் தசைதான் கையை மேலிருந்து கீழே இழுக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பயிற்சி செய்தால் அன்றாட வேலைக்குக் குறை தெரியாது. நாள்முழுக்கத் தோட்டத்தில் தண்ணி இறைக்கிற பெண் அதை யோசித்தே முடிவு எடுக்கவேண்டும். வைத்தியருக்கு அக்காவின் தொழிலைச் சொல்லுங்கள், அவராகக் கேட்கும் வரை பார்த்திருக்க வேண்டாம்.

1982இல் அட்லாண்டாவின் கார்ல் ஹார்ட்ராம்ஃப் வயிற்றுக்கு வந்தார். தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் வயிற்றின் நேர்த்தசையோடு சேர்த்துத் தோலுக்கு அடியால் நெஞ்சுக்கு ஏற்றுவது. ட்ராம் என்பார்கள். மார்பு இயல்பான மென்மையோடு வரும், இம்பிளாண்ட் வேண்டாம். ஆனால் தசை போவதால் வயிறு பலவீனப்படும், சிலருக்குக் குடல் பிதுங்கும். நிலத்தில் இருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டி வரும்.

அடுத்த பாய்ச்சல், தசையைத் தொடாமல் விடுவது. ஜப்பானில் இசாவோ கொஷிமா 1989இல் வழி காட்டினார், நியூ ஓர்லியன்சில் ரொபேர்ட் அலன் 1990களின் தொடக்கத்தில் அதை மார்புக்குக் கொண்டுவந்தார். டீப் என்று சொல்வார்கள். வயிற்றுத் தசையின் நார்களை விலக்கி, அதனூடாக வரும் மெல்லிய இரத்தக் குழாயை மட்டும் பிரித்தெடுத்து, தோலையும் கொழுப்பையும் உடம்பிலிருந்து முழுதாக அறுத்து, நெஞ்சில் உள்ள குழாயோடு மைக்ரோஸ்கோப்பின் கீழ் தைக்கிறார்கள். நாற்றை வேரோடு பிடுங்கி வேறு வயலில் நடுவது போன்ற வேலை. குழாயின் குறுக்களவு இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். பல மணித்தியாலம் எடுக்கும்.

அதன் பிறகு முதல் இரண்டு நாளும் தாதிமாருக்கு நித்திரை இல்லை. மணிக்கு மணி போய்த் தொட்டுப் பார்க்கவேண்டும். சூடாக இருக்கிறதா, விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்புகிறதா, நீலம் பாய்கிறதா, இரத்த ஓட்டத்தைக் கேட்கும் டொப்ளர் கருவியில் சத்தம் வருகிறதா? சந்தேகம் வந்தால் நடுச்சாமம் என்றாலும் டொக்டரை எழுப்பவேண்டும், குழாய் அடைபட்டால் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனால்தான் சதையைக் காப்பாற்றலாம். அனுபவமுள்ள இடங்களில் முழுதாகப் பழுதாவது நூற்றுக்குச் சிலருக்குத்தான். ஆனால் அந்த அனுபவம் ஒரு கையால் வருவதில்லை, இரவு முழுதும் விழித்திருக்கும் ஒரு வாட்டும் வேண்டும். எங்கே செய்வது என்று தெரிவு செய்யும்போது இதையும் பாருங்கள்.

பிள்ளைப்பேற்றுக்கு வயிற்றைக் கீழே குறுக்கே கீறியிருந்தால் பொதுவாகப் பரவாயில்லை. அழகுக்காக வயிற்றுத் தோலைக் குறைத்தவர்களுக்கு இந்த வழி சரிவராது. வயிற்றில் சதையே இல்லாதவர்களுக்குத் தொடையிலிருந்து எடுக்கிறார்கள். குழிவிழுந்த இடத்தை நிரப்ப உடம்பின் வேறு இடத்துக் கொழுப்பை உறிஞ்சி ஊசியால் ஏற்றுவதும் இப்போது சாதாரணம். அதில் ஒரு பகுதி கரைந்துபோகும், திரும்ப ஏற்றவேண்டி வரும்.

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். 1990களில் தோலை விட்டுவைத்து உள்ளே உள்ளதை மட்டும் எடுக்கும் முறை வந்தது. பிறகு, நோய் அதன் கிட்ட இல்லாதவர்களுக்கு முலைக்காம்பையும் விட்டுவைத்தார்கள். உறை அப்படியே இருப்பதால், அதே மயக்கத்திலேயே உள்ளே நிரப்பினால் மார்பின் உருவம் நன்றாக வரும். ஆனால் கத்தியை வைக்க முதலே இது முடிவாகவேண்டும். தோலை எடுத்துத் தைத்த பிறகு வந்து கேட்டால் அந்தத் தோலை யாராலும் திருப்பித் தர ஏலாது. அப்போதும் மீளமைக்கலாம், பாதை நீளும், அவ்வளவுதான்.

இதில் கதிர்ச்சிகிச்சை ஒரு பெரிய குறுக்கீடு. கதிர் பட்ட இடத்தில் இம்பிளாண்டைச் சுற்றித் தோலும் தழும்பும் இறுகி, மார்பு கல்லுப்போலாகி வலிக்கும் வாய்ப்புக் கூடும். ஆகவே கதிர் தேவை என்று தெரிந்தால் பல குழுக்கள் சொந்தச் சதையை விரும்புகின்றன, அல்லது கதிர் முடிந்து தோல் ஆறும் வரை பொறுத்திருந்து செய்கின்றன. சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் வைத்தியர், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் மூவரும் முன்னரே கதைத்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். மீளமைப்பதால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகரிக்காது, திரும்பினால் கண்டுபிடிப்பதையும் தடுக்காது. ஹால்ஸ்டெட் காலத்துப் பயம் பொய்யென்று ஆகிவிட்டது.

உங்கள் வீட்டிலும் யாராவது "இந்த வயசில இனி என்னத்துக்கு உந்த வடிவு?" என்று கேட்பார்கள். பல பெண்கள் தாங்களே அப்படிச் சொல்லி வாயை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், மனம் கொதித்திருக்கிறது. ஒரு பக்கம் பாரம் இல்லாமல் தோள் சரிந்து முதுகு வலிப்பது வடிவுப் பிரச்சினையா? குளிக்கும்போது கண்ணாடியைத் துணியால் மூடுவது வடிவுப் பிரச்சினையா? அதேபோல, வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெண்ணையும் யாரும் வற்புறுத்தக்கூடாது. அப்படி முடிவெடுத்தால் தோலை மிச்சம் மீதி தொங்காமல் தட்டையாக நேர்த்தியாகத் தைக்கச் சொல்லிக் கேட்கலாம். அதுவும் இன்று மதிக்கப்படுகிற ஒரு தெரிவு.

ஒன்றை யாரும் சொல்லாமல் விடுவார்கள். அமைத்த மார்பில் உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். நரம்பையும் சேர்த்துத் தைக்கும் முயற்சிகள் நடக்கின்றன, இன்னும் எல்லா இடத்திலும் இல்லை. அதனால் சுடுதண்ணிப் போத்தல், ஒத்தடம் எதையும் அந்த இடத்தில் வைக்க விடாதீர்கள். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் இன்று நிலைமை முன்பைவிட நல்லது. 2011இல் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. கீமோவுக்கும் கதிருக்கும் எல்லாரும் கொழும்புப் பக்கம் ஓடவேண்டிய காலம் போய்விட்டது. அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. இம்பிளாண்ட் போன்ற பொருட்களுக்குச் செலவு வருமா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு அக்காவைத் தனியே அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள். கேட்கவேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: முழுதாக எடுப்பது ஏன், தோலைக் காப்பாற்றலாமா, கதிர் வருமா, மார்பை எடுக்க முதல் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கலாமா. நீரிழிவு இருந்தால் சீனியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காயம் ஆற நாளெடுக்கும். பயொப்சி (கட்டியில் இருந்து சதை எடுத்துச் செய்த பரிசோதனை) ரிப்போட்டில் என்ன எழுதியிருக்கிறது, கதிர் பற்றி என்ன சொன்னார்கள் என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள். எந்த வழி அக்காவுக்குப் பொருந்தும், யாரிடம் எப்படிக் கேட்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.