கேளுங்கோ, சொல்லுறன்

கேள்வி: அண்ணை, எனக்கு 23 வயசு. பகல்ல கராஜில வேலை, இரவில ராப் எழுதி றெக்கோட் பண்ணுறன், நாலு வருசமாச்சு. யூடியூப்பில 11 பாட்டு போட்டிருக்கிறன், ஒண்டும் ஆயிரம் வியூ தாண்டேல்லை. இப்ப கொழும்பில கொஞ்சப் பேர், 11 பாட்டின்ர உரிமையையும் எழுதித் தந்தா நல்ல வீடியோ ஒண்டு எடுத்துத் தாறம் எண்டு சொல்லீனம். அம்மா எண்டா உந்தச் சத்தத்தை விட்டிட்டு வெளிநாடு போற வழியப் பார் எண்டுறா. சைன் வைக்கட்டோ?
– ம., தருமபுரம்

பதில்: தம்பி, முதல்ல பேனையைக் கீழ வை.

வீடியோ எண்டா என்ன, ஒரு நாள் சூட்டிங், இரணைமடுக் குளத்துக்கு மேல ட்ரோன் ரெண்டு சுத்துச் சுத்தும், முடிஞ்சுது. அதுக்கோ நாலு வருச எழுத்தைக் குடுக்கப் போறாய்? எழுதின வரியின்ர உரிமை வேற, றெக்கோட் பண்ணின சத்தத்தின்ர உரிமை வேற, மாஸ்டர் எண்டு சொல்லுறது ரெண்டாவதை. கொழும்பு ஆக்கள் ரெண்டையும் சேத்துத்தான் கேப்பினம், பேப்பரில எங்கயாவது "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" எண்டு கிடக்கும், தேடிப் பார். வயலைக் குத்தகைக்கு விடுவம், காணி உறுதியைத் தூக்கிக் குடுப்பமோ? அதே கணக்குத்தான். ஒரு பாட்டு, ரெண்டு வருசம், வாறதில பாதி எண்டு கேட்டுப் பார். அதுக்கு ஓம் எண்டாத்தான் மிச்சக் கதை.

அமெரிக்காவில நிப்சி ஹசல் எண்ட ராப்பர் 2013ல ஒரு மிக்ஸ்டேப்பை, அதாவது பாட்டுத் தொகுப்பை, நெற்றில சும்மா இறக்க விட்டிட்டு, அதையே 1000 சீடி அடிச்சு ஒண்டு 100 டொலர் எண்டு வித்தார், பெரிய ராப்பர் ஜே-இசட் மட்டும் 100 சீடி வாங்கினவர். உனக்குத் தருமபுரத்தில 100 டொலருக்கு ஆளில்லை, தெரியும். ஆனா கனடாவிலயும் சுவிசிலயும் எங்கட சனம் ஊர்ச்சொல் ஒண்டு காதில விழுந்தா நிண்டு கேக்கும், அதில இருநூறு பேரைப் பிடிச்சியெண்டா காணும்.

கராஜை மட்டும் விட்டிடாத. ஸ்பொட்டிஃபையில 12 மாசத்தில 1000 தரம் ஓடாத பாட்டுக்குச் சதமும் வராது, 2024ல இருந்து அப்பிடித்தான். யூடியூப் விளம்பரக் காசுக்கும் 1000 சப்ஸ்கிரைபர், அதோட வருசத்தில 4000 மணித்தியாலம் ஆக்கள் பாத்திருக்க வேணும்.

உன்ர பாட்டுகளைக் கேட்டன். கனக்க இடத்தில சென்னைப் பொடியன் மாதிரி "கெத்து", "செம" எண்டுறாய், உனக்கு அது ஒட்டேல்லை. ஏழாவது பாட்டில அம்மம்மா தறப்பாள் ஒழுக்குக்குச் சட்டி வைக்கிறா எண்டு ஒரு வரி, அந்தத் துளி விழுற சத்தமே பின்னால ஓடுற இசையில, அதான் பீட்டில, வந்து விழுது பார், அதை மூண்டு தரம் திருப்பிப் போட்டன். அம்மாவோட சண்டை பிடியாமல் அந்த ஒண்டை அவவுக்குப் போட்டுக் காட்டு.

கேள்வி: "ஃப்ரீ" எண்டு கிடந்த பீட்டுக்குத்தான் பாடினன், இப்ப அது தங்கட எண்டு கொப்பிரைற் கிளெய்ம் வந்திட்டுது. ஏன்?
– சு., ஒட்டுசுட்டான்

பதில்: கனக்க பீட்டுகள் நீ காசு உழைக்காத மட்டும்தான் ஃப்ரீ, கீழ சின்ன எழுத்தில கிடக்கும். அதே பீட்டுக்கு வேற எத்தினை பேர் பாடியிருப்பினம், அதில ஒருத்தன் தன்ர பாட்டை கொன்ரென்ற் ஐடியில, அதாவது ஒரே சத்தத்தைத் தானாப் பிடிக்கிற யூடியூப் முறையில, போட்டா மற்ற எல்லாருக்கும் கிளெய்ம் விழும். பீட்டைப் பாவிக்க லீஸ் வாங்கின ரசீது இருந்தா காட்டிக் கேக்கலாம். இல்லாட்டி ஊரில கீபோட் வாசிக்கிற ஒருத்தனைப் பிடி, பாதிப்பாதி எண்டு வட்ஸப்பில எண்டாலும் எழுதி வை. (நான் ஒருக்கா வாய்ப்பேச்சை நம்பி ஒரு பாட்டை விட்டனான், இப்பவும் ஓட்டோவில கேக்கேக்க வயிறு எரியுது.)

கேள்வி: என்ர மகனும் ராப் எண்டு திரியிறான். இதென்ன எங்கட கலாசாரமோ?
– ஒரு அப்பா, முள்ளியவளை

பதில்: இல்லை ஐயா, அது 1973ல நியூயோர்க்கில பிராங்ஸ் எண்ட இடத்தில தொடங்கினது. ஆனா கூத்தில அண்ணாவியார் மத்தளத்துக்கு வரி கட்டிப் பாடேக்க நீங்கள் விடிய விடியப் பாயில இருந்து கேட்டனீங்கள்தானே? மகன்ர பாட்டு மூண்டே நிமிசம், கேளுங்கோவன்.