கரிச்சான் செய்யும் ரவுடித்தனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டெதிர் மின்கம்பியில் ஓர் இரட்டைவால் குருவி, அதாவது கரிச்சான், எந்நேரமும் உட்கார்ந்திருக்கிறது. பார்க்க வெறும் கருப்பு. காக்கையைத் துரத்துகிறது, மைனாவிடமிருந்து பூச்சியைப் பிடுங்குகிறது. இந்த ரவுடியைப் போய் உழவனின் நண்பன் என்கிறார்களே? படமெடுத்தால் கரித்துண்டு மாதிரி விழுகிறது. எந்த கேமரா வாங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேமரா விஷயம் எனக்குத் தெரியாது. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்போது எடுத்துப் பாருங்கள், செலவில்லை. ஆனால் அதென்ன 'வெறும் கருப்பு'? சாய்வெயிலில் அதன் மேல் நீலம் ஓடுமே, கவனித்ததில்லையா? வாயோரம் பொட்டு வைத்ததுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி, செம்பழுப்புக் கண். இதெல்லாம் கண்ணில் படாதவருக்கு லென்ஸ் எதற்கு?

கொஞ்ச நாளாக நானும் கரிச்சானைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவின் எருமை மேயும்போது முதுகில் ஒரு கரிச்சான் சவாரி செய்யும். எருமை கால் வைத்ததும் புல்லிலிருந்து வெட்டுக்கிளி எம்பும். அந்தரத்திலேயே அதைக் கவ்வி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே முதுகில் வந்து இறங்கும். காலால் அமுக்கிக்கொண்டு இறக்கையைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தின்னும். பெரியப்பா அதை விரட்டியதுமில்லை, புகழ்ந்ததுமில்லை.

நமக்குத்தான் அது நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்பு எழுதாமல் தூக்கம் வராது. வல்லூறு போலக் கத்தி மைனாவை மிரட்டி இரையைத் தட்டிப் பறிப்பதும் கரிச்சான்தான். அது கூடு கட்டிய மரத்தில் கொண்டைக்குருவி, புறா, மாங்குயில் எல்லாம் தைரியமாக முட்டையிடுவதும் அதை நம்பித்தான், காக்கை கிட்டே வராதே! அதற்காகக் காவல்காரன் பட்டமும் கட்டாதீர்கள். அது தன் கூட்டைக் காக்கிறது, அவ்வளவுதான். நண்பன் என்று நம்பிய கூத்தும் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு, பூச்சியை ஒழிக்கட்டும் என்று தைவானிலிருந்து பசிபிக்கில் உள்ள ரோட்டா தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1960-களில் பார்த்தால் பக்கத்துக் குவாம் தீவிலும் சாலையோரமெல்லாம் அதுதான். யாருடைய உத்தரவுக்கும் அது காத்திருக்கவில்லை.

28 செ.மீ. பறவை, அதிலும் ஏறக்குறைய பாதி வால். பருந்தையே விரட்டிப்போய் முதுகில் கொத்துகிறது. அது முட்டையிட்டிருக்கும் நாளில் படமெடுக்கிறேன் பேர்வழி என்று கிளையைப் பிடித்து வளைக்காதீர்கள். உச்சந்தலையில் கொத்து வாங்கிக்கொண்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதினால் பதில் வராது.